பேக்கரி பாஸுக்கு எச்.ஐ.வி. என்கிறார்கள்: முதலாளி என்ன செய்வது?

கேள்வி:

ஹட்டன் பக்கத்துச் சிறு நகரொன்றில் அப்பா தொடங்கிய பேக்கரியையும் அதோடு சேர்ந்த சாப்பாட்டுக் கடையையும் நடத்திவருகிறேன். இரண்டிலும் சேர்த்து 22 பேர் வேலை செய்கிறார்கள். பெரும்பாலானவர்கள் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள். ஆறேழு பேர் கடைக்குப் பின்னாலுள்ள அறையில் தங்குகிறார்கள். எங்கள் பேக்கரி பாஸுக்கு, அதாவது தலைமைப் பேக்கருக்கு, வயது 31. ஒன்பது வருடமாக என்னோடு இருக்கிறார். போறணை வேலை முழுக்க அவர் கையில்தான்.

போன மாதம், கொத்து போடுகிற தம்பியின் சொந்தக்காரர் ஒருவர், ஆஸ்பத்திரியொன்றில் சிற்றூழியராக இருப்பவர், பாஸை எஸ்.டி.டி. (பாலியல் நோய்) கிளினிக் வரிசையில் கண்டதாகச் சொல்லியிருக்கிறார். இரண்டு நாளில் 'பாஸுக்கு எயிட்ஸ்' என்று கடை முழுக்கப் பரவிவிட்டது. நான் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லை, அழுதார். அன்றிலிருந்து அவருடைய தேத்தண்ணிக் கோப்பையைப் புறம்பாக வைக்கிறார்கள். அவரோடு ஒரே அறையில் படுக்க மாட்டோம் என்று இரண்டு பேர் நிற்கிறார்கள். பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்துக்கு (பிள்ளைக் காப்பகத்துக்கு) நாங்கள்தான் பணிஸ் கொடுக்கிறோம். அங்கிருந்தும் ஒரு மாதிரியாகக் கேட்டார்கள்.

மூன்று மாதச் சம்பளத்தைக் கையில் கொடுத்து, தானாக விலகுவதாகக் கடிதம் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடலாம் என்கிறார் மனைவி. எல்லோருக்கும் இரத்தம் சோதித்துவிடு என்கிறார் மைத்துனர். பாவமாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. மார்கழியில் சிவனொளிபாதமலை சீசன் வேறு தொடங்கிவிடும். இன்னொன்று, பாஸுக்குக் கல்யாணம் பேசியிருக்கிறார்கள். பெண் வீட்டாரை எனக்கும் தெரியும். நான் சொல்லத்தான் வேண்டுமா?

(பெயர் வெளியிட விரும்பாத கடைக்காரர்)

பதில்:

அன்பின் ஐயா,

உங்கள் பாஸுக்கு எச்.ஐ.வி. இருக்கிறது என்று அறிந்த ஒருவர்கூட உங்கள் கடிதத்தில் இல்லை. கிளினிக் வரிசையில் கண்டதாக ஒருவர் சொன்னார், அவ்வளவுதான். எஸ்.டி.டி. கிளினிக்குக்கு ஆட்கள் எத்தனையோ காரணத்துக்காக வருகிறார்கள். ஊசியோடும் மாத்திரையோடும் குணமாகிவிடுகிற சிபிலிஸ், கொனோரியா போன்ற நோய்களுக்கு வருகிறார்கள். மனதில் கிடக்கும் சந்தேகம் தீரட்டும் என்று பரிசோதிக்க வருகிறார்கள். கர்ப்பிணி மனைவியின் இரத்தத்தில் ஏதோ தென்பட்டதென்று கணவனையும் கூப்பிடுவார்கள். துணைக்கு வந்து வாங்கில் உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு. கேட்டபோது அவர் அழுதார் என்கிறீர்கள். ஒன்பது வருடம் சம்பளம் கொடுத்த முதலாளி தனியே கூப்பிட்டு வைத்து அப்படிக் கேட்டால், ஒரு நோயும் இல்லாதவனுக்கும் அழுகைதான் வரும். அதை ஆய்வுகூட அறிக்கையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இருக்கவும் கூடும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாளைக் காலை நீங்கள் கடையில் செய்ய வேண்டிய வேலை ஒன்றேதான். தன் ஆட்களில் யாருக்கு எச்.ஐ.வி. என்று ஒரு முதலாளிக்குத் தெரிய வேண்டிய தேவையே கிடையாது. யாருக்கு என்று தெரியாமலே எல்லோரும் பத்திரமாக இருக்கும்படி கடையை ஒழுங்குபண்ணலாம். கீழே நான் எழுதுகிற எல்லாம் அதற்கான வழிதான். அவரிடம் இனிமேல் இதைப் பற்றிக் கேட்க வேண்டாம். ஒரே ஒரு தடவை கூப்பிட்டு, "அன்றைக்கு நான் கேட்டது பிழை, உன் வேலைக்கு ஒரு குறையும் வராது" என்று மட்டும் சொல்லிவிடுங்கள். அவர் பதில் சொல்ல வேண்டும் என்று காத்து நிற்காதீர்கள்.

முதல் வேலை அந்தக் கோப்பை. நாளைக்குத் தேத்தண்ணி ஊற்றும்போது அதை மற்றக் கோப்பைகளோடு சேர்த்துக் கழுவிக் கலந்து வையுங்கள். எது யாருடையது என்று தெரியக்கூடாது. நீங்களும் அதே கூட்டத்திலிருந்து ஒன்றை எடுத்து எல்லோர் முன்னாலும் குடியுங்கள். புறம்பான கோப்பை என்றால் என்ன என்று நம் ஆட்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அது உங்கள் கடைக்குள் வைக்கப்பட்டிருக்கிறது, அதுவும் உங்களுக்குத் தெரிந்தே. எனக்கு உங்கள் கடிதத்தில் மிகவும் உறுத்தியது அந்த ஒரு வரிதான்.

எச்.ஐ.வி. எச்சிலால் பரவாது. வியர்வையால், தும்மலால், ஒரே கோப்பையில் சாப்பிடுவதால், ஒரே கக்கூசைப் பாவிப்பதால், பக்கத்துப் பாயில் படுப்பதால் பரவாது. நுளம்பு என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். நுளம்பாலும் பரவாது. நுளம்பு குத்தும்போது உள்ளே விடுவது தன் எச்சிலைத்தான், முதல் ஆளிடம் குடித்த இரத்தத்தை அல்ல. அதன் உடம்பில் இந்தக் கிருமி பெருகுவதும் இல்லை. பரவும் வழிகள் மூன்றுதான்: பாதுகாப்பற்ற உடலுறவு, தொற்றுள்ள இரத்தம் நேரே உடம்புக்குள் போவது (ஒரே ஊசியைப் பலர் போட்டுக்கொள்வது போல), தாயிடமிருந்து குழந்தைக்கு. மாவு பிசைகிற கையிலிருந்து பாணுக்குப் போய், 200 பாகை தாண்டிய போறணையில் வெந்து, வாங்கித் தின்றவரின் உடம்பில் ஏறுகிற வழி எதுவும் கிடையாது. போறணையில் வேகாத பண்டத்துக்கும் இதே பதில்தான்.

உங்கள் பாஸுக்கு உண்மையிலேயே தொற்று இருந்து, அதற்காகத்தான் கிளினிக்குக்குப் போகிறார் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் அவரைப் பற்றி நீங்கள் பயப்படக் காரணம் இன்னும் குறைகிறது. இலங்கையில் எச்.ஐ.வி. மருந்து 2004 முதல் அரசாங்கத்தால் இலவசமாகக் கொடுக்கப்படுகிறது. இப்போது பெரும்பாலானவர்களுக்கு நாளுக்கு ஒரு மாத்திரை போதும். ஒழுங்காகப் போட்டால் சில மாதங்களில் இரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிடும். அந்த நிலையில் இருப்பவரிடமிருந்து உடலுறவாலும் பரவாது. ஐரோப்பாவில் ஒருவருக்குத் தொற்று இருந்து மற்றவருக்கு இல்லாத தம்பதிகளை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்த பார்ட்னர் ஆய்வு, 2016இலும் 2019இலும் முடிவுகளை வெளியிட்டது. மருந்து எடுத்துக் கிருமி அடங்கியிருந்த துணையிடமிருந்து தொற்றிய சம்பவம் ஒன்றுகூட அதில் இல்லை. படுக்கையிலேயே தொற்றாதது பணிஸில் எப்படித் தொற்றும்?

உணவுக் கடையில் நீங்கள் பார்க்க வேண்டிய நோய்கள் வேறு. நெருப்புக் காய்ச்சல் (டைபாய்டு), வயிற்றோட்டம், மஞ்சட்காமாலை, கையில் சீழ் வைத்த புண், இவைதான் சாப்பாட்டில் ஏறுகிறவை. பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து உங்களிடம் கேட்பதும் இவற்றைப் பற்றித்தான். இன்னொன்று காசம். ஜன்னல் சாத்திய பேக்கரியிலும், ஆறேழு பேர் நெருக்கிப் படுக்கிற அறையிலும் காற்றால் பரவக்கூடியது அது. இரண்டு கிழமைக்கு மேல் இருமுகிறவர் யாராக இருந்தாலும் மார்பு நோய் கிளினிக்குக்கு அனுப்பிச் சளியைப் பரிசோதியுங்கள். அறை ஜன்னலைத் திறக்கச் சொல்லுங்கள், குளிருக்கு இன்னொரு போர்வை வாங்கிக் கொடுங்கள். பாஸோடு படுக்க மாட்டோம் என்கிற இரண்டு பேருக்கும் அந்த அறையில் உண்மையான ஆபத்து ஒன்று இருக்கிறதென்றால் அது மூடிய ஜன்னல்தான். ஷேவ் எடுக்கிற பிளேடையும் பல் தூரிகையையும் ஒருவருடையதை ஒருவர் பாவிக்கக் கூடாது. இது பாஸுக்காக மட்டும் சொல்வதில்லை, ஹெபடைடிஸ் பி என்கிற ஈரல் நோய்க்காகவும் எல்லோருக்கும் சொல்வது.

இரத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பேக்கரியிலும் சமையலறையிலும் கை வெட்டுப்படாத நாள் இல்லை என்பதால். உங்கள் கடையின் முதலுதவிப் பெட்டியை இன்றைக்கே திறந்து பாருங்கள். மலையகத்துச் சாப்பாட்டுக் கடைகளில் நான் பார்க்கிற பெட்டிகள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் இருக்கும்: ஈரத்தில் ஒட்டிப்போன பஞ்சு, துருப்பிடித்த கத்தரிக்கோல், அடியில் கொஞ்சம் மிஞ்சிய சித்தாலேப டப்பா, யாரோ பத்திரப்படுத்திய கரண்ட் பில். வெட்டுப்பட்டதும் கைக்கு முதலில் வருவது கோப்பித்தூள். கோப்பித்தூளை விடுங்கள், அது புண்ணுக்குள் அழுக்கைத்தான் சேர்க்கும். பெட்டியில் இருக்க வேண்டியது, ஒரு தரம் பாவித்து எறிகிற கையுறை ஒரு பெட்டி, சுத்தமான துணிக்கட்டு, நீர் புகாத பிளாஸ்டர், சவர்க்காரம், ப்ளீச்.

யாருக்கு வெட்டுப்பட்டாலும் ஒரே முறை. வெட்டுப்பட்டவர் வேலையை விட்டு ஓடுகிற தண்ணீரிலும் சவர்க்காரத்திலும் கையைக் கழுவ வேண்டும். பிதுக்கி இரத்தம் எடுக்கத் தேவையில்லை. கட்டுப் போட உதவுகிறவர் கையுறை போட வேண்டும். இரத்தம் பட்ட மாவு, வெங்காயம், ரொட்டி எதுவானாலும் முழுக்க எறிய வேண்டும். பத்து இறாத்தல் மாவுதானே என்று கணக்குப் பார்க்கக் கூடாது. மேசையிலும் தரையிலும் சிந்திய இரத்தத்தைக் கையுறையோடு துடைத்து, ப்ளீச் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுக் கழுவ வேண்டும். கடையில் விற்கிற 5 வீத ப்ளீச் என்றால் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர். பிளாஸ்டர் போட்டு அதற்கு மேல் கையுறையும் போட்ட பிறகுதான் மறுபடி மாவில் கைவைக்க வேண்டும். இதை முதலாளி மகனுக்கும் செய்ய வேண்டும், நேற்று வந்து சேர்ந்த பெடியனுக்கும் செய்ய வேண்டும். பாஸுக்கு மட்டும் கையுறை, மற்றவனுக்குக் கோப்பித்தூள் என்று வைத்தீர்களானால், கோப்பையில் செய்ததையே கையுறையிலும் செய்கிறீர்கள்.

ஆபத்தின் அளவையும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் மருந்தெடுக்காத எச்.ஐ.வி. நோயாளியின் இரத்தம் இருந்த ஊசி தாதி ஒருவரின் கையில் குத்தினால், தொற்றுவது ஏறத்தாழ 1,000இல் 3 தடவைதான். தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி என்றால் அது 100இல் 30 வரை போகும். உங்கள் கடையில் ஊசி கிடையாது. ஒருவரின் இரத்தம் இன்னொருவரின் திறந்த புண்ணில் பட்டுவிட்டது என்று உண்மையான சந்தேகம் வந்தால் அதற்கும் வழி உண்டு. அன்றைக்கே பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கி 28 நாள் எடுக்கிற தடுப்பு மருந்து இருக்கிறது. எவ்வளவு முந்தினால் அவ்வளவு நல்லது. மருந்து தேவையா என்பதை அங்கே வைத்தியர் முடிவு செய்வார்.

மைத்துனரின் யோசனைக்கு வருகிறேன். எல்லோருக்கும் இரத்தம் சோதிக்கும் பழக்கம் நம் ஆட்களின் மனதில் எங்கிருந்து ஏறியது என்று எனக்குத் தெரியும். தோட்டத்தில் வீட்டுக்கு வீடு யாராவது ஒருவர் மத்திய கிழக்குக்குப் போனவர். போவதற்கு முதல் 'மெடிக்கல்' எடுக்க வேண்டும், அதில் எச்.ஐ.வி.யும் ஒன்று, இருந்தால் விசா இல்லை. அதைப் பார்த்துப் பார்த்து, வேலைக்கும் இரத்தத்துக்கும் சம்பந்தம் உண்டு என்று ஒரு எண்ணம் படிந்துவிட்டது. அது வளைகுடா நாடுகளின் சட்டம். ஒரு பேக்கரிக்கு அதைக் கொண்டுவர வேண்டிய அவசியம் இல்லை. சர்வதேசத் தொழில் தாபனம் 2010இல் வெளியிட்ட 200ஆம் இலக்கப் பரிந்துரை இதைத் தெளிவாகவே சொல்கிறது: வேலைக்குச் சேர்க்கவோ வைத்திருக்கவோ எச்.ஐ.வி. பரிசோதனையைக் கட்டாயமாக்கக் கூடாது, நிலையை வெளியே சொல்லும்படி யாரையும் வற்புறுத்தக் கூடாது, தொற்று இருப்பதாலோ இருக்கிறதென்று பிறர் நினைப்பதாலோ யாரையும் வேலையை விட்டு நிறுத்தக் கூடாது. 'பிறர் நினைப்பதாலோ' என்பதைக் கவனியுங்கள். உங்கள் பாஸின் நிலை அப்படியே அதற்குள் வருகிறது.

கட்டாயப் பரிசோதனையால் பயனும் இல்லை. தொற்றிய முதல் சில கிழமைகளில் பரிசோதனையில் காட்டாமலே போகலாம். இன்றைக்கு இல்லை என்று வந்தவருக்கு அடுத்த மாதம் வரலாம், மாதாமாதம் 22 பேருக்கும் ஊசி குத்துவீர்களா? நம் நாட்டில் வயதுவந்தவர்களில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் ஆயிரத்துக்கு ஒருவருக்கும் குறைவு. அந்த ஒருவரைத் தேடி நீங்கள் பரிசோதித்தால் கிடைக்கப்போவது 22 தாள், அவற்றைப் பூட்டிவைக்க ஒரு அலுமாரி, அந்த அலுமாரியின் சாவியைப் பற்றிப் புதிதாக ஒரு கதை. யாருக்காவது பரிசோதிக்க விருப்பமென்றால் நுவரெலியா, கண்டி, பதுளை எஸ்.டி.டி. கிளினிக்குகளில் இலவசமாகச் செய்யலாம். வேறு வைத்தியரின் கடிதம் தேவையில்லை. முடிவு அவருக்கு மட்டும். உங்களுக்கு வராது, வரவும் கூடாது.

மனைவி சொன்ன வழியை நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனால் அதுதான் மிக அதிகச் செலவு வைக்கிற வழி. நான் சட்டத்தரணி அல்ல, தொழிலகங்களோடு பழகிய வைத்தியன். ஆனாலும் இவ்வளவு எனக்குத் தெரியும். 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதானால் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி அவருடைய எழுத்துமூல சம்மதம் வேண்டும், இல்லாவிட்டால் தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். உங்களிடம் 22 பேர். 'நோய்' என்பது ஒழுக்காற்றுக் குற்றம் ஆகாது. அனுமதி இல்லாமல் நிறுத்தினால் அந்த நிறுத்தம் செல்லாது. அவரைத் திரும்ப வேலைக்கு எடுத்து, இடைப்பட்ட சம்பளத்தையும் கட்டும்படி ஆணையாளர் உங்களிடம் சொல்லலாம். பயமுறுத்தி வாங்கிய விலகல் கடிதமும் தப்பிக்க வழியல்ல. ஆறு மாதத்துக்குள் அவர் தொழில் நியாயமன்றுக்குப் போகலாம். அங்கே முதல் கேள்வியே, ஒன்பது வருடம் ஒழுங்காக இருந்தவர் ஏன் திடீரென்று விலகினார் என்பதாக இருக்கும். உங்கள் மூன்று மாதச் சம்பளம் அதற்கு நல்ல பதில் ஆகாது.

சட்டத்தை விடுங்கள். அவரை அனுப்பினால் கதை அடங்கும் என்று நினைக்கிறீர்கள். அனுப்பினால்தான் கதை உண்மையாகும். "ஏன் அனுப்பினார்கள் தெரியுமா?" என்று ஹட்டன் பஸ் நிலையம் வரை கேட்கும். அதோடு, 'அந்தப் பேக்கரியில் எயிட்ஸ்காரன் ஒன்பது வருடம் பாண் போட்டான்' என்பதும் சேர்ந்து வரும். கதைக்குக் கிருமியே தேவையில்லை என்பதை நாடே ஒருமுறை பார்த்திருக்கிறது. 2016இல் குளியாப்பிட்டிப் பக்கத்தில், தந்தை எயிட்ஸால் இறந்தார் என்ற பேச்சின் பேரில் ஒரு சின்னப் பையனைப் பாடசாலையில் இருக்கவிடாமல் பெற்றோர் எதிர்த்தார்கள். பையனுக்குத் தொற்றே கிடையாது. கடைசியில் கண்டி திரித்துவக் கல்லூரிதான் அவனைச் சேர்த்துக்கொண்டது. சேர்த்ததால் அந்தக் கல்லூரிக்குப் பெயர் கெட்டதா? நல்ல பெயர்தான் கிடைத்தது.

சரி, வாய்களை எப்படி அடக்குவது? இதில் முதலாளிமார் பலர் செய்கிற வேலை, "அவனுக்கு அப்படி ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிடுவது. தயவுசெய்து அதைச் சொல்லாதீர்கள். இன்றைக்கு பாஸுக்கு இல்லை என்று சொன்னால், நாளைக்கு வேறொருவரைப் பற்றிக் கேட்கும்போது நீங்கள் மௌனமாக இருந்தாலே 'ஆம்' என்று ஆகிவிடும். அதோடு, உங்களுக்குத் தெரியாத ஒன்றுக்கு நீங்கள் சாட்சி சொல்லக் கூடாது. எல்லோரையும் ஒன்றாகக் கூட்டி, பாஸின் பெயரை எடுக்காமல் இப்படிச் சொல்லுங்கள்:

"இந்தக் கடையில யாருக்கு என்ன வருத்தம்னு நான் கேக்க மாட்டேன். யாரும் யாரப் பத்தியும் எங்கிட்ட வந்து சொல்லவும் வேணாம். நாளைக்கு ஒனக்கு ஒண்ணுன்னாலும் இதே சட்டம்தான். கோப்பை எல்லாருக்கும் ஒண்ணுதான், ரூமும் ஒண்ணுதான். திரும்ப இந்தக் கதை காதுல விழுந்துச்சுன்னா, கதை சொன்ன ஆளோடதான் எனக்குப் பேச்சு."

கொத்து போடுகிற தம்பியைத் தனியாகவும் கூப்பிட்டுப் பேசுங்கள். அவனை வேலையை விட்டு நிறுத்தத் தேவையில்லை, ஆனால் அவன் செய்தது சின்ன விஷயம் இல்லை என்று புரிய வேண்டும். அந்தச் சிற்றூழியர் விஷயம் வேறு. கிளினிக்கில் கண்ட முகத்தை வெளியே சொல்வது பாரதூரமான தவறு, அதைப் பற்றி ஆஸ்பத்திரி நிர்வாகத்திடம் முறைப்பாடு செய்யலாம். ஆனால் அந்த முறைப்பாட்டைச் செய்யும் உரிமை பாஸுக்கு. நீங்கள் முந்திக்கொண்டு எழுதினால் இன்னொரு கோப்பிலும் அவர் பெயர் ஏறும்.

அடுத்தது லீவு. இது சின்ன விஷயம்போலத் தெரியும், ஆனால் ஒரு முதலாளி எச்.ஐ.வி.க்காகச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இதுதான். தென்னாபிரிக்காவில் வயதுவந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குத் தொற்று இருந்த காலத்தில், ஆங்லோ அமெரிக்கன் என்ற சுரங்கக் கம்பனி 2002இல் தன் தொழிலாளருக்கு இலவசமாக மருந்து கொடுக்க முடிவெடுத்தது. பக்கத்து பொட்ஸ்வானாவில் டெப்ஸ்வானா வைரக் கம்பனி அதற்கு முந்திய வருடமே தொடங்கியிருந்தது. பழகிய ஆள் படுத்துவிடுவது, புதிய ஆளைப் பழக்குவது, மரண வீட்டுச் செலவு எல்லாம் கூட்டிப் பார்த்தால் மருந்து மலிவு என்று கணக்குப் போட்டவர்கள் அவர்கள். தர்மத்துக்குச் செய்ததாக நான் நினைக்கவில்லை. உங்களுக்கு அந்தச் செலவே கிடையாது, மருந்தை அரசாங்கம் கொடுக்கிறது. உங்களிடம் கேட்பது சில மாதத்துக்கு ஒருமுறை ஒரு நாள் லீவு.

அந்த ஒரு நாளும் முழு நாள்தான். ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்கு பஸ்ஸில் போய், வரிசையில் இருந்து, மருந்தெடுத்துத் திரும்ப மாலையாகிவிடும். இரவெல்லாம் போறணையில் நின்ற மனிதன் காலையில் தூங்காமல் அப்படியே பஸ் ஏறுவான். அதனால் எல்லோருக்கும் பொதுவாக ஒரு ஏற்பாடு செய்யுங்கள்: கிளினிக் லீவு கேட்டால் எந்தக் கிளினிக் என்று கேட்பதில்லை. சீனி வருத்தம், பிரஷர், கர்ப்பிணி கிளினிக், எதுவானாலும் சரி. துண்டில் ஆஸ்பத்திரி முத்திரை இருந்தால் போதும், எந்த வார்டு, என்ன நோய் என்பதெல்லாம் வேண்டாம். முதல் நாள் இரவு வேலையும் அவருக்கு இருக்கக் கூடாது. இதற்காகவே இன்னொரு ஆளுக்குப் போறணை வேலையைப் பழக்குங்கள். சிவனொளிபாதமலை சீசனில் உந்துவப் போயாவிலிருந்து வெசாக் வரை உங்கள் பாண் எந்த அளவுக்குப் போகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அந்த ஐந்தாறு மாதமும் முழுக் கடையும் ஒரே ஒருவரின் கையை நம்பி நிற்பது எப்படிப் பார்த்தாலும் நல்லதல்ல. பழக்கப்போகிறவரும் பாஸாகத்தான் இருக்க வேண்டும். "இவரை அனுப்பத்தான் ஆள் எடுக்கிறேன்" என்று படாமல் இருக்க, அவருக்கே அந்தப் பொறுப்பைக் கொடுத்து சம்பளத்திலும் கொஞ்சம் கூட்டிவிடுங்கள்.

பிள்ளை மடுவத்துக்குப் பதில் சொல்வது சுலபம். நேரே போய், வெல்பெயார் ஆபிசரையோ பிள்ளை பார்க்கிற அக்காவையோ கண்டு, உங்கள் பேக்கரிக்கு பீ.எச்.ஐ. கடைசியாக வந்து பார்த்த பதிவையும், ஆட்களின் நெருப்புக் காய்ச்சல் தடுப்பூசிப் பதிவையும் காட்டுங்கள். பதிவு இல்லையென்றால் அதை முதலில் ஒழுங்குபண்ணுங்கள். பிள்ளைகளுக்குப் போகிற பணிஸில் அவர்கள் கேட்க வேண்டியது அதைத்தான். பாஸைப் பற்றி நேரடியாகக் கேட்டால், "என் ஆட்களின் உடம்பு விஷயத்தை நான் வெளியே பேசுவதில்லை, உங்கள் ஆட்களைப் பற்றிக் கேட்டாலும் நீங்கள் பேச மாட்டீர்கள்தானே" என்று சொல்லி நிறுத்துங்கள்.

கடைசியாக, கல்யாணம். இது உங்களுக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று தெரிகிறது. பெண் வீட்டாரிடம் நீங்கள் சொல்ல வேண்டியதில்லை, சொல்லக் கூடாது. ஒரு வரிசையில் யாரோ கண்டதாக யாரோ சொன்னதை ஒரு பெண்ணின் தகப்பனிடம் கொண்டுபோய்க் கொடுப்பது, எந்தப் பக்கம் உண்மையானாலும் அநியாயம். அவருக்குத் தொற்று இருந்தால், துணைக்கு எப்படிச் சொல்வது, எப்போது சொல்வது, துணையை எப்படிப் பரிசோதிப்பது என்பதையெல்லாம் அவரோடு உட்கார்ந்து பேசுவது கிளினிக்கின் அன்றாட வேலை. அதற்கென்று பழகிய ஆட்கள் அங்கே இருக்கிறார்கள். தொற்றுள்ள ஒருவர் மருந்தெடுத்துக்கொண்டு, துணைக்குத் தெரிந்தே கல்யாணம் முடித்து, தொற்றில்லாத பிள்ளை பெறுவது இன்றைக்குச் சாதாரணம். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் பரவுவதை ஒழித்த நாடு என்று இலங்கையை உலக சுகாதார நிறுவனம் 2019இல் அங்கீகரித்தது. நம் குடும்ப நல மருத்துவமாதுமார் லயன் லயனாக ஏறி இறங்கியதற்கும் அதில் பங்குண்டு.

பெண் வீட்டார் உங்கள் கடைக்கே வந்து, "பெடியன் எப்படி?" என்று கேட்டால்? வேலையில் எப்படி என்று உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். உடம்பைப் பற்றிக் கேட்டால், அதைப் பெடியனிடமே கேட்கச் சொல்லுங்கள். அதோடு, கல்யாணத்துக்கு முதல் இரண்டு பேருமே இரத்தம் பரிசோதித்துக்கொள்வது நல்லது என்றும் சொல்லலாம். எந்தப் பெண்ணுக்கும் எந்தப் பெடியனுக்கும் சொல்லக்கூடிய புத்திமதி அது. உங்கள் சொந்தப் பிள்ளைக்கும்தான்.

மேலே எழுதியவற்றை அரைப்பக்கத்தில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, பின் அறையில் ஒட்டுங்கள்: இந்த இடத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை கேட்கப்படாது, நோய்க்காக யாரும் நிறுத்தப்பட மாட்டார்கள், வெட்டுப்பட்டால் எல்லோருக்கும் ஒரே முறை, கிளினிக் லீவுக்குக் காரணம் கேட்கப்படாது, அடுத்தவரின் நோயைப் பேசுவதுதான் இங்கே குற்றம். பெரிய கம்பனிகள் இருபது பக்கத்தில் எழுதி அலுமாரியில் வைக்கிற கொள்கையைவிட இது போதும். உங்கள் கையெழுத்தைப் போடுங்கள்.

நுவரெலியா எஸ்.டி.டி. கிளினிக்கையோ உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயத்தையோ அணுகி, ஆட்களுக்கு ஒரு மணித்தியாலம் வகுப்பெடுக்கத் தமிழ் பேசுகிற ஒருவரை அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். சீசன் தொடங்கினால் யாருக்கும் நேரம் இருக்காது, அதற்கு முதல் ஒரு மத்தியான வேளையில் வையுங்கள். எச்.ஐ.வி. மட்டும் வேண்டாம். கை கழுவுவது, நெருப்புக் காய்ச்சல், காசம், எலிக் காய்ச்சல், எல்லாவற்றோடும் சேர்த்துக் கேளுங்கள். வகுப்பில் நீங்களும் மனைவியும் மைத்துனரும் முன் வாங்கில் உட்காருங்கள். வருகிறவரின் காதில் பாஸைப் பற்றி முன்கூட்டியே எதுவும் போட்டுவைக்காதீர்கள், பெயர் தெரியாமலே பேச அவர்களுக்குத் தெரியும்.